என்ன வேண்டும் என்று கேட்டோமா?

கந்தர்வக்கோட்டையில் நம்மோடு ஆராதிக்கும் பார்வையற்ற சகோதரருக்காகப் பல ஆண்டுகள் ஜெபித்திருக்கிறேன். அவருக்கு என்ன வேண்டும் என்று ஒருமுறையும் கேட்டதில்லை. சென்ற வாரம் கேட்டேன்.

"ஐயா, வேதத்தை நானே வாசிக்க வேண்டும். ஒரு கணினி இருந்தால் போதும்."

"திரையை வாசித்துக்காட்டும் மென்பொருளுக்குப் பெரும்பணம் ஆகுமே?" என்றேன்.

"என்.வி.டி.ஏ. இலவசம், ஐயா, தமிழும் வாசிக்கும்" என்றார். ஆஸ்திரேலியாவைச் சேர்ந்த பார்வையற்றவரான மைக்கேல் கர்ரன் 2006இல் அதை உருவாக்கத் தொடங்கினாராம். மாத உதவித்தொகையில் வாழும் நம் சகோதரருக்கு எட்டாதது கணினி மட்டுமே.

இயேசு பர்திமேயுவிடம் முதலில் கேட்டார், பின்பு சுகமாக்கினார். நானோ கேளாமலே ஜெபித்தேன். நம் வீடுகளில் பயனின்றிக் கிடக்கும் நல்ல மடிக்கணினி ஒன்று ஞாயிறன்று காணிக்கையாக வரட்டும். ஆமென்.