ஆயிரத்து ஒன்று யார்?

ஆதிலாபாத் பகுதியில் பேசப்படும் கோலாமி மொழியை ஆராயும் முனைவர் பட்ட மாணவி ஒருவர், ஆய்வேட்டின் மூன்றாம் இயலை ஒப்படைக்க எட்டு நாள்களே எஞ்சியிருந்தன. ஹைதராபாத்தில் அவர் பயிலும் துறையில், ஐந்து ஆண்டுகளாக அவர் பயன்படுத்திய மேசைக்கணினி பழுதாகி அகற்றப்பட்டிருந்தது. புதிய கணினியில் உபுண்டு நிறுவி, அவர் பெயரில் கணக்கொன்றும் தொடங்கித் தந்திருந்தார்கள். நான்கு களப்பயணங்களின் ஒலிப்பதிவுகள் அடங்கிய புறவன்தட்டை அவர் அதில் செருகினார். திரையோரத்தில் தட்டின் குறி தோன்றியது. ஊர்ப்பெயர்கள் இட்ட கோப்புறைகள் வரிசையாகத் தெரிந்தன. ஒவ்வொன்றின்மேலும் சிறியதொரு பூட்டுக்குறி. எதைச் சொடுக்கினாலும் ஒரே மறுமொழி: பெர்மிஷன் டினைட்.

அக்கோப்புறைகளுள் ஒன்றில், கதை சொல்வதற்காகவே சுற்றூர்கள் அழைத்துச்செல்லும் மூதாட்டி ஒருவரின் இரண்டு மணிநேரப் பதிவு இருந்தது. அம்மூதாட்டி முந்தைய ஆண்டு காலமாகிவிட்டார். பதிவின் மறுபடியோ அகற்றப்பட்ட கணினியோடு போய்விட்டது. எமனோவின் கோலாமி இலக்கணம் 1955-இல் அச்சானது. இன்றும் நூலகத் தட்டிலிருந்து எடுத்துப் புரட்டலாம். ஐந்தாண்டுக்கு முந்தைய ஒலிப்பதிவோ, பதிவுசெய்தவருக்கே திறக்க மறுத்தது.

தட்டு கெட்டுவிட்டது என்பதே அவருடைய முதல் அச்சம். பலருக்கும் அப்படித்தான் தோன்றும். ஆனால் கெடும் தட்டு இவ்வாறு பேசுவதில்லை. அதில் உள்ளீட்டு வெளியீட்டுப் பிழை வரும். நகலெடுத்தல் பாதியில் நிற்கும். சில வேளைகளில் தட்டே கண்ணுக்குத் தென்படாது. 'அனுமதி மறுக்கப்பட்டது' என்ற மறுமொழிக்குப் பொருள் வேறு. கோப்பு முறைமை நலமாக இருக்கிறது, தன்னில் எழுதிவைத்த விதியைப் படிக்கிறது, அவ்விதிப்படி நடக்கிறது என்பதே அதன் பொருள். ஆகவே கேட்கவேண்டிய வினா, 'விதியில் யார் பெயர் எழுதப்பட்டிருக்கிறது?' என்பது.

பெயர் எதுவும் எழுதப்பட்டிருக்கவில்லை என்பதில்தான் சிக்கல் தொடங்குகிறது. லினக்ஸில் பரவலாகப் பயன்படும் ஈஎக்ஸ்டி4 என்னும் கோப்பு முறைமை, ஒவ்வொரு கோப்பின் உரிமையாளரையும் ஓர் எண்ணாகவே பதிகிறது. அந்த எண் இன்னாருக்குரியது என்னும் பட்டியல் தட்டில் இராது, கணினியில் இருக்கும். உபுண்டுவில் முதற்பயனரின் எண் 1000, அடுத்தவருடையது 1001. பழைய கணினியில் முதற்கணக்கு துறைக்குரியதாக இருந்தமையால் மாணவிக்கு 1001 வாய்த்திருந்தது. புதிய கணினியில் அவரே முதற்பயனர்; எண் 1000. பெயர் அதே பெயர், கடவுச்சொல்லும் அதே கடவுச்சொல். தட்டுக்கு இரண்டும் பொருட்டல்ல. முனையத்தில் எல்எஸ் கட்டளையால் விரிவான பட்டியலைக் கேட்டபோது, உரிமையாளர் பெயர் வரவேண்டிய இடத்தில் 1001 என்ற வெற்றெண் நின்றது. அந்தக் கணினியில் ஆயிரத்து ஒன்று எவரும் இல்லை.

யூனிக்ஸ் வழிவந்த இவ்வமைப்பு, பலர் பகிரும் கணினிக்கு ஒரே நிருவாகி, ஒரே பயனர் பட்டியல் என்ற ஏற்பாட்டுக்கு இயல்பாகப் பொருந்துவது. பட்டியலும் தட்டும் ஒன்றாக இருக்கும்வரை எண்ணும் பெயரும் பிரிவதில்லை. தட்டு பைக்குள் ஏறி ஊர்விட்டு ஊர் போகும்போது எண் மட்டும் உடன் செல்கிறது, பெயர் பின்தங்கிவிடுகிறது.

அன்று மாலை, தமிழகத்திலிருந்து வந்து கணினியியல் பயிலும் இளைய மாணவர் ஒருவர் உதவிக்கு வந்தார். பார்த்தவுடன் அவருக்குத் தீர்வு தெரிந்தது.

"அக்கா, இது ஒண்ணுமே இல்ல. முழுசுக்கும் சிஎச்மோட் 777 குடுத்துடலாம். ரெண்டு நிமிஷம்."

"குடுத்தா யார் யார் திறக்கலாம், தம்பி?"

"எல்லாரும் திறக்கலாம்க்கா. பிரச்சினையே வராது."

மாணவி உடனே மறுமொழி கூறவில்லை. அன்று காலை அவர் அதே தட்டைத் துறையின் பொது ஆய்வகக் கணினியில் செருகிப் பார்த்திருந்தார். அங்கும் கோப்புறைகள் திறக்கவில்லை. ஆனால் உரிமையாளர் இடத்தில் எண் நிற்கவில்லை. வேறொரு ஆய்வாளரின் பெயர் நின்றது. அக்கணினியில் 1001 அவருக்குரியது. பதிவுசெய்தவருக்குத் திறக்காத கோப்புறைகள், களத்துக்கே போகாத ஒருவர் தம் கணக்கில் நுழைந்து செருகியிருந்தால் எத்தடையுமின்றித் திறந்திருக்கும்.

கதை சொன்ன மூதாட்டி ஒப்புதல் தந்தபோது வைத்த நிபந்தனை அவருக்கு நினைவுக்கு வந்தது. சில கதைகளை எழுத்தில் கொண்டுவரலாம், ஆனால் தன் குரலை வெளியாருக்குக் கேட்பிக்கக் கூடாது என்று அவர் கேட்டுக்கொண்டிருந்தார். அந்த நிபந்தனையை ஒப்புதல் படிவத்தில் மாணவியே தம் கையால் எழுதிக்கொண்டார். அதனால்தான் உரிமையாளர் மட்டுமே திறக்கும்படி கோப்புறைகளை அன்று அமைத்திருந்தார். 777 என்பது உரிமையாளர், குழுவினர், மற்றவர் ஆகிய மூவகையினர்க்கும் படித்தல், எழுதுதல், இயக்குதல் ஆகிய மூன்றையும் ஒருசேரத் தருவது. இரண்டு நிமிடத் தீர்வு அந்த மூதாட்டிக்குக் கொடுத்த வாக்கையும் சேர்த்தே அழித்திருக்கும்.

இதை அவர் எடுத்துச் சொன்னதும் இளைய மாணவர் சிறிது நேரம் பேசாதிருந்தார். பின்பு, "அப்போ 777-உம் பூட்டு இல்ல, இப்ப இருக்கறதும் பூட்டு இல்லக்கா" என்றார். அவர் கூறியது சரி. தட்டைக் கையில் வைத்திருப்பவர் தம் கணினியில் ரூட் அதிகாரம் பெற்றிருந்தால் எந்த உரிமையெண்ணும் அவரைத் தடுக்காது. உரிமையெண் ஒரே கணினியைப் பகிர்பவர்களுக்கிடையே வேலி. தட்டு தொலைந்தால் அது வேலியாகாது. அதற்கு மறையாக்கம் வேண்டும்.

உரிமையாளரை மாற்றும் சிஎச்ஓன் கட்டளையை அந்தத் தட்டிலேயே செலுத்தியிருந்தாலும் பூட்டு விலகியிருக்கும். அவர்கள் அதையும் ஒத்திவைத்தனர். ஒரே படி மட்டும் உள்ள தட்டில் எதையும் எழுதுவது அறிவுடைமையன்று. ரூட் அதிகாரத்தோடு உட்கோப்புறைகள் அனைத்துக்கும் செலுத்தும் கட்டளையில் பாதையைத் தவறாகத் தட்டச்சிட்டால், கணினியின் அமைப்புக் கோப்புகளின் உரிமையே குலையும். பழைய உரிமை விவரத்தை மீட்டுத்தரும் கட்டளை எதுவுமில்லை.

எனவே முதலில் தட்டை விடுவித்து, படிப்பதற்கு மட்டும் என்ற விருப்பத்தோடு மீண்டும் மவுண்ட் செய்தார்கள். இரண்டாவதாக ஒரு புதிய தட்டை லக்ஸ் மறையாக்கத்துடன் வடிவமைத்தார்கள். செருகும்போதே கடவுச்சொல் கேட்கும் வகை அது. மூன்றாவதாக ஆர்சிங்க் கொண்டு கோப்புகளைப் புதியதற்கு நகலெடுத்து, நகலின் உரிமையாளரை மட்டும் 1000 என மாற்றினார்கள். இறுதியாக இரு தட்டுகளிலும் ஒவ்வொரு கோப்புக்கும் எஸ்எச்ஏ-256 சரிபார்ப்புத் தொகையைக் கணித்து ஒப்பிட்டார்கள். இரவு முழுவதும் சென்றது. ஒரு கோப்பும் வேறுபடவில்லை.

எல்லாத் தட்டுகளுக்கும் இம்மருந்து பொருந்தாது. பென்டிரைவ்களில் பெரும்பாலும் காணப்படும் ஃபேட்32, எக்ஸ்ஃபேட் ஆகிய கோப்பு முறைமைகள் லினக்ஸின் உரிமையெண்ணைப் பதிவதே இல்லை. மேசைத்தளத்தில் செருகியவரையே எல்லாவற்றுக்கும் உரிமையாளராகக் கணினி காட்டும். அங்கே சிஎச்மோட், சிஎச்ஓன் கட்டளைகளால் பயனில்லை, மவுண்ட் செய்யும் விருப்பங்களில்தான் மாற்றம் செய்யவேண்டும். விண்டோஸின் என்டிஎஃப்எஸ் தட்டு எழுத இடங்கொடாமல் நின்றால், பெரும்பாலும் அது முறைப்படி விடுவிக்கப்படாமல் பிடுங்கப்பட்டது, அல்லது விண்டோஸின் விரைவுத் தொடக்க வசதியால் முழுமையாக மூடப்படாமல் இருக்கிறது என்று கொள்ளலாம். அதனை வலிந்து திறப்பதைவிட, விண்டோஸ் கணினிக்கே எடுத்துச்சென்று பிழைநீக்கி, முழுமையாக மூடிக் கொண்டுவருவது நலம். 'ரீட்-ஒன்லி ஃபைல் சிஸ்டம்' என்ற அறிவிப்பும் 'பெர்மிஷன் டினைட்' என்ற அறிவிப்பும் ஒன்றல்ல. ஈஎக்ஸ்டி4 தட்டு தன்னில் பிழை கண்டு, மேலும் கெடாதிருக்கத் தானே எழுத்தை நிறுத்திக்கொள்ளும்போதும் முன்னது தோன்றும். அவ்வேளையில் எழுத வற்புறுத்துவது இருப்பதையும் இழக்கச் செய்யும். ஆகவே கட்டளையைத் தேடுமுன் அறிவிப்பை எழுத்தெண்ணிப் படித்தலும், எல்எஸ்பிஎல்கே கட்டளையால் கோப்பு முறைமை எதுவெனக் காணலும் வேண்டும். நம் ஆய்வுக்கூடங்களில் 777 ஒரு மந்திரம்போல் கைமாறி வருகிறது; களத்தரவு வைத்திருப்போர் அதை ஓதுமுன் அத்தரவு யார் தந்தது என்பதை ஒருமுறை எண்ணிப்பார்க்கலாம்.

மூன்றாம் இயல் குறித்த நாளுக்கு ஒப்படைக்கப்பட்டது. பழைய தட்டில் எதுவும் மாற்றப்படவில்லை. அது இன்னும் 1001-க்கே உரியது. அதன் உறையில் மாணவி ஒரு தாளை ஒட்டிவைத்திருக்கிறார். கோப்பு முறைமை ஈஎக்ஸ்டி4, உரிமையாளர் எண் 1001, அந்த எண்ணுக்குரிய தம் பெயர், பதிவுகள் எடுத்த ஊர்கள், யாருடைய குரலை யார் கேட்கலாம் என்னும் விவரம் ஆகியவை அதில் உள்ளன. நாளை அந்தத் துறையில் கோலாமி பயில வரும் ஒருவர் கணினியில் அதைச் செருகுமுன் படிக்கக்கூடியது அந்தத் தாள் ஒன்றே.