புளியின் பெயரில் ஓர் எலுமிச்சை ஊர்

நமது ஊர்ப் பெயர்களை நம்பிச் சாமான் வாங்கப் புறப்படுகிறவர்கள் சற்று ஜாக்கிரதையாக இருக்க வேண்டும். திண்டுக்கல்லுக்குப் போய்த் திண்டு கேட்டால் பூட்டைக் காட்டுவார்கள். மணப்பாறையில் மணக்கும் பொருள் எது என்று விசாரித்தால் முறுக்குப் பொட்டலம் கைக்கு வரும். அதே மாதிரி, புளியங்குடி என்ற பெயரைக் கேட்டதும் வரிசை வரிசையாகப் புளியமரங்களும், அவற்றின் கீழே புளி உலுக்கும் மனிதர்களுமே மனக்கண் முன் தோன்றுகிறார்கள். ஆனால் அந்த ஊருக்குக் கீர்த்தியைத் தேடித் தந்திருப்பது எலுமிச்சம்பழம். புளிப்புத்தான்; ஆனால் வேறு புளிப்பு!

இராஜபாளையத்திலிருந்து தென்காசிக்குப் போகும் பெருஞ்சாலையில் சேத்தூர், சிவகிரி, வாசுதேவநல்லூர் ஆகிய ஊர்களைக் கடந்தால் புளியங்குடி வருகிறது. பன்னெடுங்காலம் திருநெல்வேலி ஜில்லாவோடு சேர்ந்திருந்த இந்தப் பிரதேசம் 2019-ம் ஆண்டு நவம்பரில் பிறந்த தென்காசி மாவட்டத்தில் இப்போது அடங்கியிருக்கிறது. தெற்கு நோக்கிப் போகும் பஸ்ஸில் வலது கைப்பக்கத்து ஜன்னல் ஓரமாக உட்கார்ந்தால், மேற்குத் தொடர்ச்சி மலை ஊருக்கு ஊர் நம்முடன் கூடவே வருவதைப் பார்க்கலாம். வாசுதேவநல்லூருக்குப் பக்கத்திலே நெற்கட்டும்செவல் இருக்கிறது. 18-ம் நூற்றாண்டின் நடுவில், கப்பம் கேட்டு வந்த கும்பினியாரை எதிர்த்து நின்ற பூலித்தேவரின் ஊர் அது. கட்டபொம்மனுக்கும் ஒரு தலைமுறை முந்திய கதை. அந்தப் பெயரைக் காதில் வாங்கிக் கொண்டு அந்தச் சாலையில் போவதே ஒரு தனி உற்சாகம்.

நான் போனது பங்குனி மாதக் கடைசி. மலையே வெயிலில் வாடிப் பழுப்பேறிக் கிடந்தது. பஸ்ஸை விட்டு இறங்கியதும் தாகம் நாக்கை இழுத்தது. எலுமிச்சைக்குப் பெயர்போன ஊரில் எலுமிச்சைச் சாற்றுக்கா பஞ்சம்? எதிரே தெரிந்த கடையில் போய் நின்று, "அண்ணாச்சி, ஒரு சர்பத்து போடுங்க" என்றேன். அண்ணாச்சி ஒரு பழத்தை எடுத்தார், சரிபாதியாக நறுக்கினார், ஒரு பாதியை மட்டும் பிழிந்துவிட்டு, மற்றப் பாதியைப் பொன்னைப் போலப் பத்திரமாகக் கிண்ணத்தில் வைத்து மூடினார். எனது பார்வையைக் கவனித்துவிட்டார் போலிருக்கிறது. "ஆடியிலே வாங்க ஐயா, ரெண்டு பழமாப் பிழிஞ்சு தாரேன்" என்றார்.

மறுநாள் காலை எலுமிச்சைச் சந்தையைப் பார்க்கப் போனேன். கமிஷன் கடைகளில் மூட்டைகள் இறங்கிக் கொண்டிருந்தன. சின்னது, பெரியது, பச்சை, மஞ்சள் என்று தரம் பிரித்துக் குவித்திருந்தார்கள். ஊறுகாய்க்குப் போவது ஒரு குவியல். மாரியம்மன் கழுத்தில் மாலையாக விழப் போவது மற்றொன்று. மலைக்கு அப்பால் கேரளத்துக்கு லாரி ஏறுவது வேறொன்று. சந்தை முழுவதும் நிறைந்திருந்த அந்த வாசனையை மட்டும் எழுத்தில் அடைக்க முடியவில்லை. ஏலம் கேட்கிறவர்களின் குரலில் அவசரம் இருந்தது. விலையைக் கேட்ட சாதாரண மனிதர்களின் முகத்திலோ சர்க்கரை போடாத சாற்றைக் குடித்த களை தெரிந்தது. கோடையில் எலுமிச்சை விலை ஏறுவது வருஷா வருஷம் நடக்கிற காரியந்தான். 2022-ம் ஆண்டு ஏப்ரலில் நமது தேசத்தின் பல நகரங்களில் கிலோ 200 ரூபாயைத் தாண்டிவிட்டது. ஒற்றைப் பழம் பத்து ரூபாய் என்று கேட்டு ஜனங்கள் வாயடைத்துப் போனார்கள்.

தாகம் மிகுந்த மாதத்தில்தானா இந்தப் பழம் இப்படி அருமையாகிவிட வேண்டும்? வியாபாரிகளின் சூழ்ச்சி என்று சொல்லிவிடுவது சுலபம். ஆனால் தோட்டத்துக்குப் போய் மரத்தையே பார்த்தால் விஷயம் வேறாக இருக்கிறது.

ஊருக்கு மேற்கே, மலையடிவாரத்தை நோக்கிப் போகும் பாதையில் ஒரு பெரியவரின் தோட்டம். செம்மண் பூமி, ஆழமான கிணறு. எலுமிச்சை மரம் அழகான மரம் அல்ல. புதர் மாதிரி வளர்ந்து, உடம்பெல்லாம் முள்ளாக நிற்கிறது. பழுத்த பழம் தானே உதிர்கிறது. விடியற்காலையில் பெண்கள் குனிந்து அவற்றைக் கூடையில் பொறுக்குகிறார்கள். உதிராததைத் தொரட்டியால் பறிக்க வேண்டும். பொறுக்கியவர்களின் முன்னங்கைகளில் முள் கீறிய கோடுகள் தெரிந்தன. நாம் டம்ளரில் பிழிந்து குடிக்கும்போது அந்தக் கைகள் நமக்கு நினைவு வருவதில்லை.

பெரியவர் எனக்கு எலுமிச்சையின் பஞ்சாங்கத்தைச் சொன்னார். பூ பிஞ்சாகி, காயாகி, பழமாவதற்கு ஏறக்குறைய ஐந்தாறு மாதம் ஆகிறது. தை மாதத்தில் பூத்துக் குலுங்கும் மரம் ஆனி, ஆடி, ஆவணியில் பழத்தைக் கொட்டுகிறது. அதுதான் பெரிய மகசூல். சித்திரையில் பழம் வேண்டுமானால் புரட்டாசி, ஐப்பசியில் பூ வர வேண்டும். பூ வர வேண்டுமானால் அதற்கு முன் சில வாரம் மரத்துக்குத் தண்ணீர் காட்டாமல் காயப்போட்டு, பிறகு நீர் பாய்ச்ச வேண்டும். ஐப்பசியிலோ வடகிழக்குப் பருவ மழை! வானத்தை மூடி வைக்க யாரால் முடியும்? நனைந்த மரம் பூவை மறந்து இலையாகத் தழைக்கிறது. சொறி நோயும் அப்போதுதான் பரவுகிறது. அப்படியும் தப்பிப் பிழைத்த பிஞ்சுக்குப் பங்குனியில் கிணறு வற்றாமல் இருக்க வேண்டும்.

"மரத்துக்குத் தாகம் எடுக்கிறப்பத்தானே ஐயா நமக்கும் தாகம் எடுக்குது? அது அப்ப எங்கே இருந்து நமக்குக் கொடுக்கும்?" என்றார் பெரியவர்.

அன்று மத்தியானம் நண்பர் ஒருவருடைய வீட்டில் சாப்பாடு. சாப்பாட்டுக்கு முன்னால் அவருடைய தாயார் ஒரு டம்ளர் சர்பத்தைக் கொண்டு வந்து வைத்தார். பொன் நிறம், வாயில் வைத்தவுடன் எலுமிச்சையின் குளுமை. இந்த விலையில் இவ்வளவு தாராளமா என்று எண்ணி, "எத்தனை பழம் பிழிஞ்சீங்க அம்மா?" என்று கேட்டேன். "இன்னைக்கு ஒண்ணும் பிழியலே தம்பி. இது போன ஆடியிலே பிழிஞ்சது" என்று சொல்லி, சமையலறை மூலையில் துணி கட்டி வைத்திருந்த பீங்கான் ஜாடியைக் காட்டினார். "பழம் மலிஞ்சு கிடக்கிறப்பவே வெயிலை நினைச்சுக்கிடணும். வெயில் வந்த பொறவு பழத்தை நினைச்சு என்ன செய்ய?"

அவரிடம் கேட்டு எழுதிக் கொண்ட முறையை வாசகர்களுக்கு, முக்கியமாக வீட்டுப் பொறுப்பை ஏற்றிருப்பவர்களுக்கு, அப்படியே தருகிறேன். ஆடியில் நன்றாகப் பழுத்த, தோல் மெல்லிய பழமாகச் சுமார் 60 வாங்கினால் ஒரு லிட்டர் சாறு கிடைக்கும். பழத்தைக் கழுவித் துடைத்து ஈரம் போக உலர்த்தி, உள்ளங்கையால் தரையில் உருட்டி, பிறகு நறுக்கிப் பிழிய வேண்டும். பிழிவதில்தான் கைத்திறமை இருக்கிறது. கடைசிச் சொட்டு வரையில் நசுக்கினால் தோலிலும் விதையிலும் உள்ள கசப்பு இறங்கிவிடும். இரண்டு பழம் வீணானாலும் பரவாயில்லை என்று சற்று முன்னாலேயே நிறுத்திவிட வேண்டும். சாற்றை உடனே வடிகட்டி விதையை நீக்கிவிடுவது நல்லது. இரண்டரைக் கிலோ சர்க்கரையை அரை லிட்டர் தண்ணீரில் போட்டுக் கொதிக்க வைத்து, ஒற்றைக் கம்பிப் பதம் வந்ததும் இறக்கி, அழுக்கு நீங்க வடிகட்டி ஆற விட வேண்டும். நன்றாக ஆற வேண்டும்! சூட்டோடு சாற்றை ஊற்றினால் மணமும் போகும், அந்தப் பழத்தின் முக்கியமான வைட்டமின் சத்திலும் ஒரு பகுதி அழியும். பாகு கை பொறுக்கும் சூட்டையும் கடந்து குளிர்ந்த பிறகே சாற்றைச் சேர்த்துக் கலக்கி, வெந்நீரில் கழுவி வெயிலில் காய வைத்த கண்ணாடிப் புட்டியிலோ பீங்கான் ஜாடியிலோ நிரப்பி, இருட்டான இடத்தில் வைக்க வேண்டும். பித்தளை, செம்பு, அலுமினியம் இவற்றின் பக்கமே போகக் கூடாது. புளிப்பு உலோகத்தைத் தின்றுவிடும். ஈரக் கரண்டி ஒரு தரம் உள்ளே போனால் ஜாடி முழுவதும் பூஞ்சைக்குத்தான்.

சர்க்கரை இவ்வளவா என்று சிலர் மலைக்கலாம். கெடாமல் காப்பது அந்தச் சர்க்கரைதான். குறைத்தால் சில நாளில் நுரைத்துவிடும். குறைத்துச் செய்யத்தான் வேண்டும் என்கிறவர்கள், இக்காலத்தில் வீட்டுக்கு வீடு வந்துவிட்ட குளிர்சாதனப் பெட்டியில், வெறும் சாற்றையே பனிக்கட்டித் தட்டில் ஊற்றி உறைய வைத்துக் கொள்ளலாம். அந்த அம்மாள் அதையும் செய்கிறார்; ஆனால் ஜாடிக்குள்ள மரியாதையை அவர் பெட்டிக்குக் கொடுப்பதாகத் தெரியவில்லை. மாதம் ஆக ஆகச் சர்பத்தின் நிறம் கொஞ்சம் கறுக்கும்; புதுப் பழத்தின் மணம் சிறிது குறையும். அதற்கு ஈடாக, பரிமாறும்போது ஒரே ஒரு புதுப் பழத்தின் தோலை லேசாகக் கீறி மேலே காட்டுகிறார். ஒரு டம்ளர் குளிர்ந்த பானைத் தண்ணீருக்கு இரண்டு மேஜைக் கரண்டி சர்பத்தும், ஒரு சிட்டிகை உப்பும் போதும். அறுபது பழத்தில் எண்பது, தொண்ணூறு டம்ளர் தேறுகிறது. பங்குனியில் அதே அறுபது பழத்துக்கு என்ன விலை என்பதைச் சந்தையில் கேட்டுவிட்டு வந்திருந்த எனக்கு, அந்த ஜாடி ஒரு சேமிப்புப் பாங்கியாகவே தோன்றியது.

அந்தச் சிட்டிகை உப்பை அலட்சியம் செய்யலாகாது. வியர்வையோடு நம் உடம்பிலிருந்து தண்ணீர் மட்டுமல்ல, உப்பும் போய்விடுகிறது. உப்பும் சர்க்கரையும் அளவோடு சேர்ந்திருந்தால் குடல் தண்ணீரைச் சீக்கிரமாக உறிஞ்சிக் கொள்கிறது என்பது நவீன வைத்திய சாஸ்திரம் கண்டறிந்த உண்மை. 1971-ம் ஆண்டு, வங்காள தேசத்துப் போரின்போது பொங்காவ் அகதி முகாமில் காலரா பரவியது. ஊசி வழியாக ஏற்றும் நீர் கையிருப்பில் தீர்ந்துபோக, டாக்டர் திலீப் மஹலானோபிஸ் என்ற வங்காளி வைத்தியர் உப்பும் சர்க்கரையும் கலந்த நீரையே குடிக்கக் கொடுத்து எத்தனையோ உயிர்களைக் காப்பாற்றினார். வாந்திபேதிக்கு வைத்தியர் சொல்லும் அளவுக் கரைசலுக்கு நம் சர்பத்து ஈடாகாது. அதை அதற்குப் பதிலாகக் கொடுக்கவும் கூடாது. வெயிலில் அலைந்து வருகிறவனுக்கு ஏற்றதே. நீரிழிவுக்காரர்கள் சர்க்கரையை விட்டு, எலுமிச்சையும் உப்பும் போட்ட நீரோடு நிறுத்திக் கொள்ள வேண்டும்.

வர்ண வர்ணமாகப் புட்டிகளில் வரும் பானங்களைப் பற்றி அதிகம் சொல்ல விருப்பமில்லை. அவற்றில் பலவற்றின் மேற்சீட்டில் எலுமிச்சைப் படம் இருக்கிறது. உள்ளே எலுமிச்சை அமிலமும் வாசனைத் திரவியமும் இருக்கின்றன. படத்தைப் போட்டவன் பழத்தையும் போட்டிருக்கலாம். கோலி சோடாவின் மேல் எனக்கு அவ்வளவு கோபம் இல்லை. 1872-ல் ஹிராம் காட் என்ற ஆங்கிலேயர் உரிமை பதிவு செய்த அந்தப் புட்டி, நமது பெட்டிக்கடைகளில் நன்னாரி மணப்பாகோடும் எலுமிச்சையோடும் சேர்ந்து, வெகு நாளைக்கு முன்பே நம்மவராகிவிட்டது.

புறப்படுவதற்கு முன் அந்த அம்மாளிடம் கடைசியாக ஒன்று கேட்டேன்: ஜாடியும் காலியாகி, பழமும் வாங்க முடியாதவர்கள் என்ன செய்வது? அவர் சிரித்துவிட்டு, பரணிலிருந்து ஒரு பானையை இறக்கச் சொன்னார். அதில் அந்த வருஷத்துப் புதுப்புளி கொட்டை நீக்கி உருட்டி வைத்திருந்தது. தை பிறந்ததும் தொடங்கிப் பங்குனி, சித்திரை வரையில் உலுக்குகிற புளி, எலுமிச்சை கைவிடுகிற சமயத்தில்தான் மலிவாகிறது. எலுமிச்சையளவு புளியை ஒரு லிட்டர் தண்ணீரில் கரைத்து வடிகட்டி, ஒன்றரைக் கை வெல்லத்தைப் பொடித்துப் போட்டு, சுக்குப் பொடி அரைத் தேக்கரண்டி, தட்டிய ஏலக்காய் நாலு, உப்புச் சிட்டிகை சேர்த்தால் பானகம் ஆயிற்று. தென்பாண்டி நாட்டின் பல வீடுகளில் ஸ்ரீராமநவமிக்கும் தேர்த் திருவிழாவுக்கும் எலுமிச்சை இல்லாத வருஷத்தில் இதுதான் கலக்கப்படுகிறது. புளியங்குடியில் நான் குடித்த கடைசி டம்ளர், ஊரின் பெயருக்கு ஏற்றபடி, புளிப் பானகமாகவே அமைந்தது. இன்னும் ஒரு டம்ளர் வாங்கிக் குடித்துவிட்டுத்தான் தென்காசி பஸ் ஏறினேன்.