வைமார் நகரமும் எட்டர்ஸ்பர்க் குன்றும்

ஜெர்மனியின் மத்தியில், துரிங்கியா பிரதேசத்தில், இல்ம் என்னும் சிற்றாற்றின் கரையில் அமைந்துள்ள வைமார், ஜனத்தொகையால் சிறியதாயினும் கீர்த்தியால் ஐரோப்பாவின் மாநகரங்களோடு வைத்து எண்ணத்தக்க ஊராகும். மகாகவி கதே 1775-ஆம் ஆண்டில் இங்கு வந்து, மந்திரியாகவும் நாடகசாலையின் அதிபராகவும் விளங்கி, 1832-இல் கண்மூடும் வரையில் இவ்வூரையே தம் வாசஸ்தலமாகக் கொண்டார். காளிதாசனின் சாகுந்தலத்தை மொழிபெயர்ப்பில் படித்து உள்ளம் உருகிப் போற்றியவராதலால் அவர் நமக்கும் அந்நியரல்லர். ஜெர்மானியக் கவி ஷில்லர் காலமானதும் இங்கேதான். 1919-இல் ஜெர்மானியக் குடியரசின் அரசியல் சட்டம் இவ்வூரில் நிறைவேறியமையால், அக்குடியரசுக்கே வைமாரின் பெயர் வழங்கலாயிற்று.

நகரிலிருந்து சுமார் எட்டு கிலோமீட்டர் தூரத்தில், கதே தம் நண்பர்களோடு உலாவிய எட்டர்ஸ்பர்க் குன்று நிற்கிறது. 1937 ஜூலையில் ஹிட்லரின் எஸ்.எஸ். படையினர், கைதிகளைக் கொண்டே அக்குன்றின் வனத்தை அழிப்பித்து, வதைமுகாம் ஒன்றை அங்கே ஸ்தாபித்தனர். அதற்கு முதலில் குன்றின் பெயரையே இட்டபோது, கதேயின் ஞாபகத்தோடு கலந்த அந்நாமத்தை முகாமுக்கு வைத்தல் தகாதென்று நகரத்து நாஜி கலாசாரச் சங்கத்தார் ஆட்சேபித்தார்கள். உடனே புக்கன்வால்ட் என்று பெயர் மாற்றப்பட்டது. கவியின் பெயருக்கு மாசு நேருமே என்று துடித்த உள்ளங்கள், மனிதர் மாய்வதைக் குறித்துத் துடிக்கவில்லை என்பதை எண்ணுந்தோறும் நெஞ்சம் பதறுகிறது.

யூதர்கள், சிந்தி ரோமா மக்கள், அரசியல் எதிரிகள், போர்க்கைதிகள் என ஏறக்குறைய 2,80,000 பேர் அம்முகாமிலும் அதன் கிளைகளிலும் அடைபட்டார்கள். 56,000 பேர் பட்டினியாலும் நோயாலும் கடும் உழைப்பாலும் கொலையாலும் மாண்டார்கள். முகாமுக்கென்று தனி எரிசாலை 1940-இல் ஏற்படும் வரையில், இறந்தோரின் உடல்கள் வைமார் நகரத்து எரிசாலைக்கே கொண்டுவரப்பட்டன. நகரத்து ஆயுதத் தொழிற்சாலையில் கைதிகள் வேலை செய்தார்கள். நகரையும் முகாமையும் இணைத்த இருப்புப்பாதையை 1943-இல் அமைத்தவர்களும் அவர்களே.

1945 ஏப்ரல் 11-ஆம் தேதி அமெரிக்கச் சேனை நெருங்கியபோது, இரகசியமாக ஆயுதம் சேர்த்திருந்த கைதிகள் காவற்கோபுரங்களைக் கைப்பற்றினார்கள். எஞ்சியிருந்த 21,000 பேரில் சுமார் 900 பேர் சிறுவர். ஐந்து நாட்களுக்குப் பின், நகரவாசிகளில் ஆயிரம் பேரைச் சேனாதிபதியின் உத்தரவுப்படி குன்றேற்றி, குவிந்து கிடந்த சடலங்களைக் காணச் செய்தனர். தாங்கள் ஒன்றும் அறியோமென்று பலர் புலம்பினார்கள். உடல்களை எரித்த ஊர், கைதிகளின் உழைப்பைக் கொண்ட ஊர், அறியாதிருந்தது என்பதை நான் ஒப்ப மாட்டேன்.

யுத்தம் முடிந்த பின் சோவியத் அதிகாரிகள் அவ்விடத்தையே 1950 வரை சிறைமுகாமாக வைத்திருந்தார்கள். அங்கும் ஏழாயிரத்துக்கு மேற்பட்டோர் மடிந்தனர்.

இன்று அம்முகாம் நினைவுத்தலமாகப் பாதுகாக்கப்படுகிறது. பிரவேசக் கட்டணம் இல்லை. நகரத்துப் பேருந்தே அங்கு செல்கிறது. வைமாருக்குச் செல்லும் அன்பர்கள் கதேயின் இல்லத்தை மட்டும் தரிசித்துத் திரும்பாமல், அந்தக் குன்றுக்கும் அவசியம் சென்று வர வேண்டும்.