இருக்கும் என்று சொன்னேன்

வானொலிப் பெட்டி, வீட்டுக் கூடத்தில் குடும்பத்து மூத்தவரைப் போல் வீற்றிருந்த காலம் ஒன்று உண்டு. அக்காலத்தில், தென் தமிழகத்து வானொலி நிலையம் ஒன்றில் ஒலிநாடாக்களைக் காக்கும் பொறுப்பில் பல ஆண்டுகள் பணியாற்றினேன். "பெரிய வித்துவான்களை எல்லாம் நேரில் கண்டிருப்பீர்களே!" என்று இன்றும் என்னைக் கேட்பவர்கள் உண்டு. கண்டிருக்கிறேன். எனினும், என் மனத்தை விட்டு அகலாதவர் பெரும் பெயர் ஏதும் பெறாத ஒரு முதியவரே. அவரைப் பற்றியே இங்கு எழுத விழைகிறேன்.

அகில இந்திய வானொலி 1938-இல் சென்னையிலும் 1939-இல் திருச்சியிலும் தன் நிலையங்களைத் திறந்தது. அதன் பின்னர், சபாக்களின் வாசலை மிதித்தறியாத எளிய மக்களின் வீடுகளுக்கும் நல்ல இசை தேடிச் சென்றது. சிற்றூர்க் கலைஞர்களுக்கும் வழி திறந்தது. குரல் தேர்வின்போது, கலைஞரின் பெயரும் முகமும் அறியாமல், இசையை மட்டும் கேட்டே தேர்வுக் குழுவினர் மதிப்பிட வேண்டும் என்பது விதி. தேறியவர்களுக்கு 'பி', 'ஏ' எனத் தரங்கள் வழங்கப்பெற்றன.

நான் சொல்லும் முதியவர் 'பி' தரம் பெற்ற நாதசுரக் கலைஞர். 1974-ஆம் ஆண்டு, ஒரு மழை நாளில், துணிப்பையில் பொதிந்த நாதசுரத்தோடு பேருந்தில் வந்து இறங்கினார். தவில் வாசிக்கும் இளைய மகனும், சுருதிப் பெட்டிக்கு ஒரு சிறுவனும் உடன் வந்தனர். கோயில் கொடை, மாதா கோயில் திருவிழா, கல்யாணப் பந்தல் என ஐம்பது ஆண்டுகள் வீதியில் வாசித்தவர் அவர். ஒலி எதிரொலிக்காதபடி சிறு துளைகள் இட்ட பலகைகள் பதித்த எங்கள் ஒலிப்பதிவுக் கூடத்தில் நுழைந்ததும் திகைத்து நின்றார்.

"ஐயா, காது அடைத்துப்போனது போலிருக்கிறதே! எதிரில் ஒருவரும் இல்லையே, யாரைப் பார்த்து நான் வாசிப்பது?" என்றார்.

அன்று ஆள் பற்றாக்குறையால் நானும் ஒலிப்பதிவுக்கு உதவ நேர்ந்தது. "இந்தக் கண்ணாடிக்குப் பின்னால்தான் இருப்பேன். என்னைப் பார்த்தே வாசியுங்கள்" என்றேன்.

நாதசுரத்தின் நாதம் பெரிது. ஆதலால் ஒலிவாங்கியிலிருந்து சில அடி தள்ளி அவரை அமர்த்தினோம். தவிலுக்கு இன்னும் பின்னால் இடம். சீவாளியை வாயில் நனைத்துப் பதம் பார்த்துக்கொண்டார். சிவப்பு விளக்கு எரிந்தது. தோடியில் தொடங்கி, என் முகத்தை விட்டுக் கண் எடுக்காமல் வாசித்தார். இறுதியில் நான்கைந்து நிமிடங்கள் ஒரு மெட்டு. திருவிழா முடிந்து, நள்ளிரவில் ஊர்வலம் திரும்பும் வேளையில் வாசிப்பதற்கென்று அவருடைய பாட்டனார் அமைத்த தாலாட்டாம் அது. நீலாம்பரியின் சாயல் இருந்தது. ஆனால் வேறெங்கும் நான் கேட்டிராத நடை. கேட்டுக்கொண்டிருந்த நான் கடிகாரம் பார்க்க மறந்தேன்.

ஒலிப்பதிவு முடிந்து வெளியே வந்தவர், சுழன்று நின்ற நாடாவைக் குழந்தையைப் பார்ப்பது போல் பார்த்தார்.

"ஐயா, இது இருக்குமா?"

"இருக்கும், இருக்கும்" என்றேன், வேறு ஏதோ நினைவில்.

அவர் முகம் மலர்ந்தது. மகனின் தோளைத் தட்டி, "கேட்டாயா? இருக்குமாம்!" என்றார்.

நாடா அக்காலத்தில் அரிய பொருள். 1200 அடி நாடா, விநாடிக்கு ஏழரை அங்குல வேகத்தில் ஓடினால் 32 நிமிடங்களில் தீர்ந்துவிடும். ஒலிபரப்பு முடிந்ததும், புகழ்பெற்றோரின் பதிவுகள் 'பாதுகாக்க' என்ற குறிப்போடு அலமாரிக்குச் செல்லும். மற்றவை அழிக்கப்பட்டு, மறுநாள் விவசாய உரைக்கோ சிறுவர் நாடகத்துக்கோ பயன்படும். மின்காந்த அழிப்பான் மீது சுருளை வைத்துச் சுற்றி எடுத்தால் போதும்; சில விநாடிகளில் எல்லாம் போய்விடும். எதற்குப் 'பாதுகாக்க' என்று எழுதலாம் எனப் பரிந்துரைக்க வேண்டியவன் நான். அந்த மாதப் பட்டியலில் அவர் பெயரைக் கண்டேன். ஒரு கணம் தயங்கினேன். 'பி' தரம்தானே என்று எண்ணிக் கையொப்பமிட்டேன். என்னை எவரும் வற்புறுத்தவில்லை.

1983-இல் அந்த இளைய மகன் என்னைத் தேடி வந்தார். தந்தை காலமாகி நாற்பது நாள் ஆகியிருந்தது.

"அந்தத் தாலாட்டை ஒருமுறை கேட்க வேண்டும், ஐயா. நாதசுரம் கற்ற அண்ணன் மில் வேலைக்குப் போய்விட்டார். அவருக்கு அது வராது. சிங்கப்பூரிலிருந்து வந்த அத்தான் கேசட்டில் பதிய வேண்டுமென்று கெஞ்சினார். அப்பா இசையவில்லை. 'வானொலியிலேயே இருக்கிறதே, பிறகு எதற்கு?' என்று சொல்லிவிட்டார்."

என் ஒரு சொல்லை நம்பி, அந்த முதியவர் மற்றொரு வாய்ப்பையும் மறுத்திருக்கிறார்! பொய் சொல்லித் தப்பிக்க மனம் வரவில்லை. பதிவேட்டை எடுத்து அவர்முன் விரித்தேன். தந்தையின் பெயர், தேதி, நிமிடம். அருகில் 'அழிக்கப்பட்டது' என்ற சொல். அதன் கீழே என் கையொப்பம். அவர் வெகுநேரம் அந்தப் பெயரின் மீது விரலை வைத்தபடி அமர்ந்திருந்தார். பின்னர், "உங்களுக்காவது அந்த மெட்டு நினைவிருக்கிறதா, ஐயா?" என்று கேட்டார்.

நான் பாடகன் அல்லன். ஆயினும் தயங்கித் தயங்கி முனகிப் பார்த்தேன். அவர் மேசையின் மீது விரல்களால் தாளக் கட்டைத் தட்டினார். அது அவர் கைகளில் அப்படியே இருந்தது. முதல் இரண்டு அடிகள் கூடிவந்தன. மூன்றாவதில் நான் தடுமாறி நின்றேன். அவர் விரல்கள் மட்டும் இறுதிவரை சென்று முடித்தன. எழுந்து, கைகூப்பி விடைபெற்றார்.

அதன் பின்னர் நான் ஓய்வு பெறும்வரை, எந்தக் கலைஞரிடமும் "இருக்கும்" என்று வாய் தவறியும் சொன்னதில்லை. "இது எங்களிடம் நிலைக்கும் என்பதற்கு உறுதியில்லை, வீட்டிலும் ஒரு பதிவு செய்து வையுங்கள்" என்றே சொல்லி வந்தேன். பட்டியலில் கையொப்பமிடும் முன்னர், அறிமுகமில்லாத பெயர்களின் நாடாக்களை ஒருமுறையேனும் கேட்டேன். அவ்வாறு தப்பியவை சில, தப்பாதவை பல.

இன்று நாடா இல்லை, பஞ்சமும் இல்லை. ஒவ்வொருவர் சட்டைப் பையிலும் ஓர் ஒலிப்பதிவுக் கருவி கைப்பேசியாய் உறங்குகிறது. உங்கள் இல்லத்துப் பாட்டியின் தாலாட்டு, தாத்தாவின் நடவுப் பாட்டு, ஊர்க் கலைஞரின் இசை ஆகியவற்றை இந்த வாரமே பதிந்து வையுங்கள். பாடியவர் பெயரையும் ஊரையும் தேதியையும் மறவாமல் எழுதி வையுங்கள். பெயரில்லாப் பதிவு, நாளடைவில் எவருடையதும் அல்லாததாகிவிடும். "யாராவது வைத்திருப்பார்கள்" என்று மட்டும் எண்ணாதீர்கள். வைத்திருப்பார் என்று ஒரு முதியவர் நம்பிய அந்த 'யாராவது' நான்தான்.