மாட்டுக்கு வந்தா நோவு, மனுஷனுக்கு வந்தா சாக்கா?

போன மாசம் ஒரு ஞாயித்துக்கிழமை அக்கா பையன் படப்பைக்கு வந்திருந்தான். ஒரகடத்துல கார் உதிரிபாகம் செய்யுற ஒரு கம்பெனியில ஷிப்ட் வேலை பார்க்கிறான். வந்ததும் வராததுமா, "வேலையை விட்டுடலாம்னு இருக்கேன் மாமா" என்றான்.

"ஏன்டா?"

கொஞ்ச நேரம் தரையைப் பார்த்தான். "எனக்கு ஐ.பி.எஸ். மாமா."

"போலீஸ் பரீட்சை எப்போடா எழுதினே?" என்று சிரித்தேன். அவன் சிரிக்கவில்லை.

அப்புறம்தான் சொன்னான். இது குடல் நோவு. வயிறு முறுக்கும், உப்பும், உடனே ஓடணும். லைன்ல நிக்கிறப்போ பாத்ரூம் போகணும்னா மாத்து ஆள் வரணும். ஒரு ஷிப்டுல மூணு தரம் கேட்டா சூப்பர்வைசர் முகம் மாறிடும். அதுக்குப் பயந்து கம்பெனி பஸ் ஏறுற வரைக்கும் பச்சைத் தண்ணிகூட குடிக்கறதில்லையாம். ஸ்கேன், ரத்தம், குடலுக்குள்ள கேமரா எல்லாம் பார்த்தாச்சு. எல்லாமே நார்மல். அங்கதான் சிக்கல். நார்மல்னு வந்துட்டதால, 'வேலைக்குப் போக சாக்கு சொல்றான்'னு வீட்டுல முடிவு கட்டிட்டாங்க. சொன்னது வேற யாரும் இல்லை, எங்க அக்காதான்.

எனக்கு மாட்டுப் பொங்கல் ஞாபகம் வந்தது. ரெண்டு வருஷம் முன்னாடி, வீட்டுல மிஞ்சின பொங்கல், சோறு எல்லாத்தையும் ஆசையா பசுவுக்கு அள்ளி வெச்சோம். மறுநாள் அசை போடலை, வயிறு கல்லாட்டம், பால் பாதியா இறங்கிடுச்சு. கால்நடை டாக்டர் வந்து சோடா உப்பு கரைச்சு ஊத்தச் சொன்னார். மாட்டு வயித்துல வைக்கோலையும் புல்லையும் செரிக்க வைக்கிறதே கோடிக்கணக்கான நுண்ணுயிரிங்கதான். திடீர்னு சோறு நிறைய விழுந்தா அதுல ஒரு கூட்டம் மட்டும் பெருகி அமிலத்தைக் கொட்டும், மத்தது அடங்கிடும். அன்னைக்கு நாங்க யாரும் பசுவைப் பார்த்து 'சாக்கு சொல்லுது'ன்னு சொல்லலை.

மனுஷக் குடல்லயும் அப்படி ஒரு கூட்டம் உண்டு. பையன் போன் எடுத்து ஒரு விளம்பரம் காட்டினான். மலத்தை டப்பாவுல போட்டு அனுப்பினா, எந்த பாக்டீரியா கூட, எந்தது குறைச்சல்னு சொல்வாங்களாம். பல ஆயிரம் ரூபா. "இதுல தெரிஞ்சுடும்ல மாமா? அம்மாகிட்ட காட்டலாம்ல?" என்றான். அவனுக்கு வேண்டியது வைத்தியம்கூட இல்லை, சாட்சி.

நான் உட்கார்ந்து படிச்சேன். சாட்சி இருக்கத்தான் செய்யுது. லக்னோவில் சஞ்சய் காந்தி முதுநிலை மருத்துவக் கழகத்தில் டாக்டர் உதய் கோஷல் குழு, இந்த நோவு உள்ள 47 பேரையும் ஆரோக்கியமான 30 பேரையும் ஒப்பிட்டுப் பார்த்து 2016ல் வெளியிட்டிருக்காங்க. நோயாளிகள்கிட்ட மீத்தேன் வாயு உண்டாக்கும் ஒரு நுண்ணுயிரி அதிகமா இருந்தது, அதுவும் மலச்சிக்கல் வகைக்காரங்ககிட்ட. மாடு ஏப்பத்துல விடுதே, அதே வாயு. அந்த நுண்ணுயிரிக்கு மாட்டு வயித்துல சொந்தக்காரங்க இருக்காங்க. மீத்தேன் குடலோட ஓட்டத்தை மந்தமாக்கும். என் மருமகனுக்கோ நேர் எதிர், பேதி வகை. பேரு ஒண்ணு, நோவு ரெண்டு தினுசு.

இது எப்படி ஆரம்பிக்குதுங்கறதுக்கு ஒரு ஊர்க்கதை இருக்கு. கனடாவில் வாக்கர்டன்னு ஒரு சின்ன ஊர். 2000 மே மாசம் பெருமழை பெய்து, பக்கத்துப் பண்ணையில் போட்டிருந்த மாட்டு எரு ஊர்க் கிணத்துத் தண்ணியில் கலந்துடுச்சு. சுமார் 2,300 பேருக்கு வயித்துப்போக்கு, 7 பேர் செத்துட்டாங்க. எரு போட்ட விவசாயி மேல தப்பில்லைன்னு விசாரணையில் சொன்னாங்க, தண்ணியைக் கவனிக்க வேண்டியவங்கதான் கவனிக்கலை. கதை அதோட முடியலை. ரெண்டு மூணு வருஷம் கழிச்சுப் பார்த்தா, அப்போ வயித்துப்போக்கு வந்ததா மருத்துவ ரீதியா கணிக்கப்பட்டவங்கள்ல 100க்கு 36 பேருக்கு இந்தக் குடல் நோவு. வராதவங்கள்ல 10 பேருக்குத்தான். கிருமி எப்பவோ போயிடுச்சு, ஆனா அது புரட்டிப் போட்ட குடல் பழைய நிலைக்குத் திரும்பலை. இதைப் படிச்சுட்டு மருமகனைக் கேட்டேன். ரூம் எடுத்துத் தங்கியிருந்தப்போ ஒரு வாரம் கடுமையா பேதி ஆச்சாம். அதுக்கப்புறம்தான் எல்லாமேன்னான்.

அப்போ அந்த டப்பா டெஸ்ட் எடுக்கலாமா? வேணாம்னு சொன்னேன். கூட்டமா நோயாளிகளையும் ஆரோக்கியமானவங்களையும் வெச்சுப் பார்த்தா வித்தியாசம் தெரியுது. ஆனா ஒரு ஆய்வுல கூடினது இன்னொண்ணுல குறையுது. சாப்பாடு, ஊர், மாத்திரை எல்லாம் மாத்தும். தனி ஒரு ஆளோட மலத்தைப் பார்த்து 'இவனுக்கு இந்த நோவு'ன்னு சொல்ல இன்னைக்கு வழி இல்லை. புகையான் தாக்கின நெல்லுல தூரைப் பிரிச்சா பூச்சியைக் கண்ணால காட்டலாம். இது அப்படி இல்லை, சத்து சமநிலை கெட்ட நிலம் மாதிரி. டாக்டருங்க இதைக் கண்டுபிடிக்கிறது அறிகுறியைக் கேட்டுத்தான். வயித்து வலி, அதோட மலம் போறதுல மாத்தம், மாசக்கணக்கா இருக்கணும். ரத்தம் போனாலோ, எடை தானா குறைஞ்சாலோ, ராத்திரி தூக்கத்துலேயே வலி எழுப்பினாலோ அது வேற, உடனே பார்க்கணும்.

சாப்பாட்டுல வழி உண்டு. வெங்காயம், பூண்டு, கோதுமை, பருப்பு, சிலருக்குப் பால். இதுல உள்ள சில சர்க்கரைகள் சிறுகுடல்ல சேராம பெருங்குடலுக்குப் போகும், அங்க பாக்டீரியா புளிக்க வைக்கும், வாயு ஊதும். எல்லாருக்கும்தான் ஊதும். இவங்க குடலுக்கு அந்த இழுப்பே வலியாத் தெரியும். சில வாரம் நிறுத்தி, அப்புறம் ஒவ்வொண்ணா சேர்த்துப் பார்க்கணும், அதையும் உணவு நிபுணர்கிட்ட கேட்டு. ஒரேயடியா நிறுத்தினா நல்ல பாக்டீரியாவும் பட்டினி கிடக்கும். மாட்டுக்குத் தீவனம் மாத்துற மாதிரி, மெதுவா.

'பழைய சோறு சாப்பிடச் சொல்லுங்க'ன்னு நீங்க எழுதுவீங்க, தெரியும். சென்னை ஸ்டான்லி மருத்துவமனையில் குடல் மருத்துவர்களே அதை ஆய்வுக்கு எடுத்திருக்காங்க. நானும் தினம் குடிக்கிறேன். ஆனா எங்க அப்பா காலத்துல இந்த நோவே இல்லைன்னு சொல்லமாட்டேன். அப்போ காலையில எந்நேரமும் வயக்காட்டுப் பக்கம் ஒதுங்கலாம், யாரையும் கேட்க வேண்டாம்.

அக்காவை வரவழைச்சேன். லக்னோ, வாக்கர்டன் எல்லாம் சொன்னேன். பாதி காதுல ஏறலை. பொங்கல் தின்ன பசுவைச் சொன்னேன். அது ஏறிடுச்சு. கொஞ்ச நேரம் பேசலை. அப்புறம் பையனைப் பார்த்து, "அப்போ வெங்காயம் போடாம குழம்பு வெக்கட்டுமாடா?" என்றாள்.

வேலையை இன்னும் விடலை. டாக்டர் சீட்டு காட்டி, லைன்ல இருந்து ஸ்டோர் பக்கம் மாத்திக் கேட்டிருக்கான். பதில் வரலை. நாலு நாள் நல்லா இருக்காம், ஒரு நாள் இல்லையாம். அந்த ஒரு நாளையும் இப்போ எனக்கு போன் பண்ணிச் சொல்றான்.