காங்கேசன்துறைக்கு எந்த லென்ஸ்?

பயணத்துக்கு எந்தக் கேமராவை எடுத்துச்செல்வது என்று ஆலோசனை சொல்பவர்கள் அனைவரும் எதைப் படமெடுக்கப் போகிறோம் என்பதிலிருந்தே தொடங்குகிறார்கள். பறவை என்றால் நீண்ட லென்ஸ், கோயில் மண்டபம் என்றால் அகன்ற லென்ஸ், குழந்தைகள் என்றால் இரண்டுக்கும் நடுவில் ஒன்று. எடுத்த படத்தை யார் பார்க்கப் போகிறார் என்பதைப் பற்றி யாரும் பேசி நாங்கள் வாசித்ததில்லை. எங்கள் வீட்டில் அந்தக் கேள்விதான் முதலில் வந்து நின்றது. மற்றவை அதன் பின்னால் வரிசையில் நின்றன.

சென்னைத் துறைமுகத்திலிருந்து உல்லாசக் கப்பல் புறப்படத் தொடங்கியது 2022 ஜூனில். அடுத்த ஆண்டு ஜூனில் இலங்கைக்கும் பயணங்கள் அறிவிக்கப்பட்டன. அம்பாந்தோட்டை, திருகோணமலை, காங்கேசன்துறை என்று நாளிதழில் வந்த பெயர்களை வாசித்துக்காட்டியபோது, மூன்றாவது பெயருக்கு அம்மா எழுந்து உட்கார்ந்தார். அவர் பிறந்த ஊர் அது. அவருடைய தகப்பனார் திருநெல்வேலிச் சீமையிலிருந்து கடல் கடந்து போய்க் காங்கேசன்துறையில் பலசரக்குக் கடை வைத்திருந்தவர். 1951இல் அங்கே பிறந்த அம்மா, பன்னிரண்டு வயதில், 1963இல் தலைமன்னாரில் கப்பலேறித் தனுஷ்கோடியில் வந்திறங்கினார். மறு ஆண்டு டிசம்பர்ப் புயலில் தனுஷ்கோடியே இல்லாமல் போயிற்று. திரும்பிப் போகும் வழியைக் கடல் எடுத்துக்கொண்டுவிட்டது என்று அவர் அதைச் சொல்வது வழக்கம். பிறகு வந்த போர் ஊரையும் எடுத்துக்கொண்டது. 1990இல் அப்பகுதி மக்கள் வெளியேற்றப்பட்டு, காங்கேசன்துறையும் அதைச் சூழ்ந்த ஊர்களும் உயர்பாதுகாப்பு வலயத்துக்குள் போயின. 2009க்குப் பிறகு நிலங்கள் சிறிது சிறிதாக விடுவிக்கப்பட்டன. ரயில் அங்கே மறுபடி போய்ச் சேர்ந்தது 2015 ஜனவரியில்தான்.

அறுபது ஆண்டுகள் கழித்து அம்மாவை அங்கே அழைத்துப் போகலாம் என்று நாங்கள் இருவரும் முடிவுசெய்ய ஓர் இரவு போதுமானதாக இருந்தது. கேமராப் பையில் எதை வைப்பது என்று முடிவுசெய்யத்தான் மூன்று வாரம் ஆயிற்று.

அம்மாவுக்கு இரண்டு கண்களிலும் விழித்திரையின் நடுப்பகுதி தேய்ந்துவிட்டது. வயதானவர்களுக்கு வரும் இந்நோயில் பார்வை முழுவதுமாக இருண்டுவிடுவதில்லை. நேராக நோக்குமிடத்தில் மட்டும் ஒரு கலங்கல் நிற்கும், ஓரங்களில் தெரியும். எதிரே இருப்பவரின் காது தெரியும், முகம் தெரியாது. எழுத்தைப் பெரிதாக்கினால், தலையைச் சற்றே திருப்பி, ஓரப்பார்வையால் வாசித்துவிடுவார். பத்து அங்குல டேப்லெட்டில் விரல்களால் விரித்து விரித்து நாளிதழ் வாசிக்கவும் பழகியிருந்தார். எனவே கப்பலின் மேல்தளத்தில் நின்று கரையைக் கைகாட்டி, அதோ பாருங்கள் என்று சொல்வதில் பயனில்லை. கரையைப் படமாக்கித் திரைக்குக் கொண்டுவந்தால்தான் அவருக்குக் கரை. மற்றவர்களுக்குப் படம் என்பது பார்த்ததன் நினைவு. அவருக்குப் படம்தான் பார்ப்பதே.

இவ்வளவும் எங்களுக்குப் புரிய வைத்தவரும் அவர்தான். கல்லூரியில் முதலாண்டு படிக்கும் எங்கள் மகள், ஆச்சியைக் கப்பலில் எப்படியெல்லாம் நிறுத்திப் படமெடுக்கலாம் என்று திட்டம் போட்டுக்கொண்டிருந்தபோது, "என்னை எதுக்குப் பிள்ளே எடுக்கணும்? நான் எப்படி இருக்கேன்னு எனக்குத் தெரியும். வெளிச்சவீட்டை எடுத்துக் காட்டு" என்றார்.

வெளிச்சவீடு! பாடம் நடத்தும்போது கலங்கரை விளக்கம் என்றுதான் நாங்கள் சொல்லிவருகிறோம். சங்க நூல்கள் வரை போய் அதற்குச் சான்றும் காட்டலாம். ஆனால் இலங்கைத் தமிழில் அது வெளிச்சவீடு. அம்மா திருநெல்வேலிக்கு வந்து அந்தப் பேச்சிலேயே ஊறிப்போன பிறகும் அவரிடம் தங்கிவிட்ட சொற்களில் இது ஒன்று, 'கமரா' மற்றொன்று. காங்கேசன்துறை வெளிச்சவீடு 1893இல் கட்டப்பட்டது. சுமார் 22 மீட்டர் உயரம். கடையின் பின்கட்டில் படுத்திருக்கையில் அதன் ஒளி சுவரில் வந்து வந்து போகும் என்பதும், அதை எண்ணிக்கொண்டே தூங்கிப்போவார் என்பதும் எங்கள் வீட்டில் எல்லோரும் அறிந்த கதை. அதன் கிட்டே போக அனுமதி கிடைக்காது, கடலிலிருந்து பார்த்துக்கொள்ளலாம் என்று பயண முகவர் சொல்லியிருந்தார்.

ஆகவே பையைப் பற்றிய விவாதம் 22 மீட்டரைப் பற்றிய விவாதமாயிற்று. எங்களிடம் இருந்தது நிக்கான் டி7200. மின்கலத்தோடு 765 கிராம். அதனுடன் 18–140, 70–300, 50 என மூன்று லென்ஸ்கள். எல்லாம் சேர்ந்தால் இரண்டு கிலோவுக்கு மேல். எங்களுள் ஒருவர், கைப்பேசி போதும், அம்மாவின் கையைப் பிடித்து நடக்க ஒரு கை சும்மா இருக்கவேண்டும் என்றார். அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. கழுத்தில் முக்கால் கிலோ தொங்க, கப்பலின் படிகளில் எழுபத்திரண்டு வயதுக்காரரை நடத்திச் செல்வது விளையாட்டில்லை. மற்றவர் காகிதம் எடுத்துக் கணக்குப் போட்டார். இரண்டு கிலோமீட்டருக்கு அப்பாலுள்ள 22 மீட்டர்க் கோபுரம், 300 மில்லிமீட்டர் லென்ஸ் வழியே உணர்வியில் 3.3 மில்லிமீட்டர் உயரத்துக்கு விழும். உணர்வியின் உயரம் 15.6 மில்லிமீட்டர். அதாவது படத்தில் ஐந்தில் ஒரு பங்கு. 140இல் எடுத்தால் பத்தில் ஒரு பங்கு. கைப்பேசியில் ஒரு குண்டூசி. தமிழ் படித்தவர்கள் போட்ட கணக்கு என்பதால் மகளிடம் கொடுத்துச் சரிபார்த்துக்கொண்டோம்.

தொலைநோக்கி வாங்கலாமே என்று ஒரு நண்பர் கேட்டார். எட்டு மடங்கு பெரிதாக்கும் தொலைநோக்கி 70–300 லென்ஸைவிட மலிவாகவே கிடைக்கும். ஆனால் ஆடும் தளத்தில் நின்று அதைக் கண்ணோடு அசையாமல் பிடிக்க வேண்டும். நடுப்பார்வை போனவர், தேடும் பொருளை அந்தச் சிறு வட்டத்துக்குள் கொண்டுவந்து நிறுத்துவதற்குள் கப்பல் துறைக்குள் போய்விடும். படமோ காத்திருக்கும். விரிக்கலாம், நகர்த்தலாம், இரவில் படுக்கையில் வைத்துக்கொண்டு மறுபடி பார்க்கலாம். 300 உறுதியாயிற்று.

முக்காலியைப் பற்றி எங்களுக்குள் சண்டையே இல்லை. கப்பல் எஞ்சினின் அதிர்வு தளத்தின் வழியே முக்காலியின் கால்களில் ஏறி நேரே கேமராவுக்குப் போகும். நம் முழங்கால்களும் முழங்கைகளும் அந்த அதிர்வை வாங்கி அடக்கிக்கொள்வதைப்போல இரும்புக்கோ அலுமினியத்துக்கோ தெரியாது. நொடியில் ஐந்நூறில் ஒரு பங்குக்குக் குறையாத வேகம் வைத்து, ஐஎஸ்ஓவைத் தயங்காமல் உயர்த்திக் கையில் பிடித்து எடுப்பதே வழி. டிரோன் வேண்டும் என்ற மகளின் ஆசை ஒரே பேச்சில் அடிபட்டுப்போனது. உல்லாசக் கப்பல்கள் அதை ஏற்றிக்கொள்வதில்லை, இலங்கையில் பறக்கவிட முன் அனுமதியும் வேண்டும். 50 லென்ஸை, எங்களிடம் இருப்பதில் சிறந்தது என்ற ஒரே காரணத்துக்காக இருமுறை பையில் வைத்து இருமுறை வெளியே எடுத்தோம். மூன்றாம் முறை வெளியிலேயே இருந்துவிட்டது. அதன் இடத்தில் கார்டு ரீடர் வந்து அமர்ந்தது. இருநூறு ரூபாய்ப் பொருள். கேமராவிலிருந்து டேப்லெட்டுக்குக் கம்பியில்லாமலும் படம் அனுப்பலாம்தான், ஆனால் இணைப்புக்காகக் காத்திருக்கையில் கரை நகர்ந்துகொண்டிருக்கும்.

ஏ.கே. செட்டியார் நினைவுக்கு வந்தார். 1937இல் நியூயார்க்கிலிருந்து டப்ளினுக்குக் கப்பலில் போகும்போதுதான் காந்தியைப் பற்றிய ஆவணப்படம் எடுக்கும் எண்ணம் அவருக்குத் தோன்றியது. கடலுக்கு நடுவில் மனிதனுக்கு வேறு வேலை கிடையாது, ஆகையால் பெரிய எண்ணங்கள் வரும்போலும். எங்களுக்கு வந்தவை சிறிய எண்ணங்கள். உப்புக்காற்று லென்ஸின் முன்கண்ணாடியில் படியாமலிருக்க ஒரு வடிகட்டி, துடைக்கப் பழைய பருத்திவேட்டியின் கிழிசல், மாற்று மின்கலம் ஒன்று. கேமராவுக்கும் லென்ஸ்களுக்கும் வரிசை எண்களைக் காட்டிச் சுங்கத்துறையிடம் சான்று வாங்கிக்கொண்டோம். திரும்பி வரும்போது வெளிநாட்டில் வாங்கியது என்று தீர்வை கேட்கப்படாமலிருக்க அது உதவும். கடலில் போகிறவர்கள் மறக்கக்கூடாத ஒன்று உண்டு: குளிரூட்டிய அறையிலிருந்து கேமராவை வெளியே எடுத்தால், வெளியின் ஈரக்காற்று பட்டதும் லென்ஸ் முழுக்க வியர்த்துவிடும். ஜிப் வைத்த பிளாஸ்டிக் பைக்குள் மூடி, அரைமணி நேரம் முன்னதாகவே வெளியே கொண்டுவந்து வைத்துவிட வேண்டும். விடியற்காலையில் கரை தெரியும் என்றால் அதற்கு முன்பே எழுந்தாக வேண்டும் என்பது இதன் பொருள்.

திருகோணமலையில் கோணேசர் கோயிலுக்குப் போனோம். சம்பந்தர் பாடிய தலம். பாறையின் உச்சியிலிருந்து கடல் கீழே கிடந்தது. அங்கே 18–140 நன்றாகவே உழைத்தது. அம்மா கற்பூர வாசனையிலும் மணியோசையிலும் திருப்தியாக இருந்தார். படம் எதையும் கேட்கவில்லை.

காங்கேசன்துறையை நெருங்கிய காலையில் நாங்கள் நால்வரும் தளத்தில் இருந்தோம். வடகரை மிகத் தட்டையானது. மலை, குன்று எதுவும் இல்லாமல், கடலுக்கு மேலே ஒரு பழுப்புக்கோடு, அதன்மேல் பனைகளின் கோடு. பேரன் பேத்திகளோடு வந்திருந்தவர்கள் அதைப் பார்த்துவிட்டுச் சிற்றுண்டிக்குப் போய்விட்டார்கள். மங்கலான காற்றில் 300 லென்ஸின் வழியே கோபுரம் கிடைத்தது. கணக்கில் வந்ததைவிடச் சிறிதாக இருந்தது, தொலைவும் அதிகம்தான். பத்துப் பன்னிரண்டு முறை எடுத்து, கார்டைக் கழற்றி, டேப்லெட்டில் போட்டு, விரித்து, வெயில் படாமல் துண்டை மேலே பிடித்துக்கொண்டு அம்மாவின் மடியில் வைத்தோம்.

அவர் தலையை இடப்பக்கமும் வலப்பக்கமும் திருப்பினார். கோபுரத்தைக் கண்டுபிடித்ததும் ஒன்றும் சொல்லவில்லை. பிறகு விரலை அதன் அடியில் வைத்து, மெல்லத் திரையின் ஓரத்துக்கு நகர்த்தி, படம் முடிந்து டேப்லெட்டின் கறுப்பு விளிம்பு தொடங்கும் இடத்தில் நிறுத்தினார்.

"கடை இங்கன இருக்கும்" என்றார்.

மகள் கேமராவை வாங்கி லென்ஸை அந்தப் பக்கம் திருப்பினாள். ஒன்றன்மேல் ஒன்று சற்றே படியும்படி கரையை நெடுக எடுத்துக்கொண்டே போனாள். பனை, புதர், பனை, கூரையில்லாத ஒரு சுவர், பனை. கோபுரத்தை மட்டும் குறிவைத்து நீண்ட லென்ஸைக் கொண்டுவந்திருந்தோம். அம்மாவின் ஊரோ கோபுரத்துக்குப் பக்கத்தில் இருந்தது. இரண்டாம் முறை கார்டைக் கழற்றியபோது, துறைமுகப் பகுதியில் படமெடுக்க வேண்டாம் என்ற அறிவிப்பு ஒலிபெருக்கியில் வந்தது. பையை மூடிவிட்டோம்.

கரையிறங்கிய பின் கைப்பேசி மட்டுமே எங்களிடம் இருந்தது. மாவிட்டபுரம் கந்தசுவாமி கோயிலுக்குப் போனோம். அந்தக் கோயிலுக்கான காங்கேயன் திருவுருவம் கப்பலில் வந்திறங்கியதால்தான் துறைக்கு அப்பெயர் வந்ததென்பது ஐதிகம். கீரிமலைக் கேணியின் படியில் அமர்ந்து அம்மா காலை நனைத்துக்கொண்டார். கடை இருந்த தெருவை வண்டிக்காரரிடம் விசாரித்தோம். அவர் பிறப்பதற்கு முன்பே மறைந்துபோன அடையாளங்களை அம்மா சொல்லச் சொல்ல, அவர் மரியாதையாகக் கேட்டுக்கொண்டே வந்தார். எந்தத் திருப்பத்திலும் வண்டியை நிறுத்தவில்லை.

திரும்பி வரும் இரவு, அறையில், மகள் அந்தக் கரைப்படங்களை வரிசையாக ஒட்டிக்கொடுத்தாள். முப்பத்தொரு படங்கள் சேர்ந்த நீளமான ஒரு கீற்று. அம்மா அதை இடமிருந்து வலமாக, எழுத்துக்கூட்டி வாசிப்பதுபோல விரலால் நகர்த்திக்கொண்டிருந்தார். கூரையில்லாத சுவரில் நின்று, "இது நாடார் வீடா, இல்லே தபால்கந்தோரா?" என்று தமக்குத்தாமே கேட்டுக்கொண்டார். கந்தோர் என்ற சொல்லை அவர் வாயிலிருந்து நாங்கள் கேட்டது அதுவே முதல்முறை.

ஊர் வந்ததும் அக்கீற்றை அச்சிடக் கொடுத்தோம். ஸ்டுடியோக்காரர் பார்த்துவிட்டு, காற்றின் மங்கலைக் கணினியில் நீக்கிப் பளிச்சென்று ஆக்கித் தரட்டுமா, அந்த இடிந்த சுவரையும் எடுத்துவிடலாம் என்றார். சுவரை எடுக்க வேண்டாம் என்றோம். ஐந்தடி நீளத்தில் அச்சாகி வந்தது. அம்மாவின் கட்டிலுக்குப் பக்கத்துச் சுவரில், அவர் படுக்கும் உயரத்துக்கு மாட்டியிருக்கிறோம்.