கால் நீட்டினால் ஏ

எங்கள் பள்ளியில் ஐந்து வகுப்பு, 47 பிள்ளைகள், இரண்டு டீச்சர். சீர்காழியிலிருந்து கிழக்கே கடற்கரைப் பக்கம் போகும் சாலையில், வயலுக்கும் வாய்க்காலுக்கும் நடுவே, மாதா கோயிலை ஒட்டிய ஓட்டுக் கட்டடம். ஊரில் அதற்கு ‘சிஸ்டர் பள்ளிக்கூடம்’ என்றுதான் பெயர். தாளாளர் சிஸ்டர், எங்கள் சம்பளம் அரசு தருவது. பிள்ளைகளில் பெரும்பாலோர் நடவுக்கும் களையெடுப்புக்கும் போகிறவர்கள் வீட்டுப் பிள்ளைகள். மாதா கோயில் பிள்ளைகளைவிட மாரியம்மன் கோயில் பிள்ளைகள்தான் அதிகம்.

60 பிள்ளைகள் வரைக்கும் இரண்டு ஆசிரியர் என்பது 2009ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டத்தின் கணக்கு. ஆகவே ஒன்று, இரண்டு, மூன்றாம் வகுப்புகள் என்னிடம். நான்கும் ஐந்தும் பெரிய டீச்சரிடம். ஒன்றாம் வகுப்புக்கு நான் எழுத்து சொல்லித் தரும் நேரத்தில் மற்ற இரண்டு வகுப்பும் என்ன செய்யும்? வேலைக்கு வந்த நாளிலிருந்து இந்தக் கேள்வியோடுதான் இருக்கிறேன். எனக்குத் தெரிந்த கொஞ்சநஞ்சத் தொழிலும் இதற்குப் பதில் தேடியபோது கற்றதுதான்.

முதல் பதில் தவறாகப் போனது. நன்றாகப் படிக்கிற ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகள் நான்கு பேரைப் பெரிய டீச்சரிடம் கேட்டு வாங்கி, சின்னவர்களுக்குச் சொல்லித் தர உட்கார வைத்தேன். இரண்டே வாரத்தில் அவர்கள் ஆளுக்கொரு அடிக்குச்சி வைத்திருந்தார்கள். வேகமாகப் படிக்கத் தெரிந்த பிள்ளைக்கு, தெரியாதது எப்படி இருக்கும் என்பதே நினைவில் இல்லை. ஒன்றாம் வகுப்புச் சிறுமி ஒருத்தி மூன்று நாள் வரவில்லை. வீட்டுக்குப் போய்க் கேட்டேன். “அந்த அக்கா என்னை மக்குங்குது டீச்சர்” என்றாள். அந்த அக்காவுக்கு அதிகாரத்தைக் கொடுத்தது நான். அந்தச் சொல்லுக்குப் பொறுப்பும் நான்தான்.

பிறகுதான் ஐந்தாம் வகுப்பில் எழுத்துக்கூட்டிப் படிக்கவே திணறிய ஒரு பையனை அழைத்தேன். மாடு மேய்ப்பதில் கெட்டிக்காரன். புத்தகத்தைக் கண்டால் தலை குனிந்துவிடும். “ஒன்னாப்புத் தம்பிங்க மூணு பேருக்கு ‘எ’யும் ‘ஏ’யும் நீதான் சொல்லித் தரணும். நாளைக்கு என்ன சொல்லணும்னு இன்னிக்கு எங்கிட்ட கேட்டுட்டுப் போ” என்றேன். தினமும் பள்ளி விட்டதும் பத்து நிமிடம் நின்று கேட்டான். தம்பிகளுக்காகத்தான் கேட்கிறான் என்பதால் அவனுக்கு வெட்கமில்லை. நான்காம் நாள் திண்ணையில் ஆற்றுமணலைப் பரப்பி, ஒரு தம்பியின் விரலைப் பிடித்து எழுதிக்கொண்டிருந்தான். “இது எ. உக்காந்திருக்கு. கால் நீட்டினா ஏ. கால் நீட்டினவன் கொஞ்ச நேரம் படுப்பான்ல? அதனால நீட்டிச் சொல்லு, ஏஏ.” நான் எத்தனையோ பயிற்சி வகுப்புக்குப் போயிருக்கிறேன். குறிலுக்கும் நெடிலுக்கும் இப்படி ஒரு விளக்கத்தை எங்கும் கேட்டதில்லை.

அந்தக் காலை ‘ஏ’வுக்கு மாட்டியவர் வீரமாமுனிவர் என்பது தமிழ் வகுப்பில் படித்ததுதான். 1680இல் இத்தாலியில் பிறந்து, கொள்ளிடத்துக்கு அந்தக் கரையில் ஏலாக்குறிச்சியில் வாழ்ந்து, சூசையப்பரைப் பற்றித் தேம்பாவணி பாடிய சாமியார் அவர். முன்பு எகர ஒகரக் குறிலுக்கு மேலே புள்ளி வைப்பது வழக்கம். ஓலையில் புள்ளி குத்தினால் ஓலை கிழியும்; ஆகவே ஏடெழுதுவோர் புள்ளியை விட்டுவிடுவார்கள். குறிலா நெடிலா என்று படிப்பவர்தான் ஊகிக்க வேண்டும். வேறு மொழியிலிருந்து வந்து தமிழைத் தட்டுத் தடுமாறிக் கற்றவருக்கு அந்தச் சிரமம் கண்ணில் பட்டது. தடுமாறிக் கற்றவருக்குத்தான் தடுக்கும் இடம் தெரியும். எங்கள் மாடு மேய்க்கும் பையனுக்கும் அப்படித்தான் தெரிந்தது.

பெரியவன் சின்னவனுக்குச் சொல்லித் தருவது நம் திண்ணைப் பள்ளியின் சட்டாம்பிள்ளை முறைதான். 1789இல் சென்னை எழும்பூரில் ஆண் பிள்ளைகளின் அநாதை இல்லத்துக்குப் பொறுப்பேற்ற ஆண்ட்ரூ பெல் என்ற பாதிரியார், இந்நாட்டுப் பிள்ளைகள் மணலில் விரலால் எழுதிப் படிப்பதைப் பார்த்தார். தம் இல்லத்திலும் மணலைப் பரப்பி, மூத்த பிள்ளைகளைச் சொல்லித் தர வைத்து, 1797இல் அதைப் பற்றி இங்கிலாந்தில் நூல் வெளியிட்டார். ‘மெட்ராஸ் முறை’ என்ற பெயரில் அது அந்த நாட்டு ஏழைப் பிள்ளைகளின் பள்ளிகளுக்குப் பரவியது. அங்கே அது மலிவாகப் பாடம் நடத்தும் வழியாக நின்றுபோனது. சட்டாம்பிள்ளையின் கையில் பிரம்பு வந்துவிட்டால் இங்கேயும் அதே கதிதான் என்பது எனக்குப் பட்டுத் தெரிந்தது.

ஆகவே சிலவற்றை விடாமல் கடைப்பிடிக்கிறேன். சொல்லித் தரும் பிள்ளைக்கு அடிக்கவும் மார்க் போடவும் உரிமையில்லை. ஒருவருக்கு மூன்று பேருக்கு மேல் கிடையாது. மாதம் ஒருமுறை ஆள் மாறும். எல்லாப் பிள்ளைக்கும், ஒன்றாம் வகுப்புப் பிள்ளைக்குக்கூட, சொல்லித் தர ஒரு முறை வரும்.

ஒன்றாம் வகுப்புப் பிள்ளை என்ன சொல்லித் தரும் என்றால், மார்கழியில் எங்கள் பள்ளிக்கு வந்து பார்க்க வேண்டும். கிறிஸ்துமஸ் குடிலுக்குப் பச்சை வேண்டுமென்று கொட்டாங்கச்சிகளில் நெல் முளைக்கப் போடுவோம். முதல் வருடம் நான் காய்ந்த நெல்லை அப்படியே மண்ணில் தூவினேன். பாதி எறும்புக்குப் போனது. நாற்றங்கால் வேலைக்குப் போகும் அம்மாவின் மகள், ஆறு வயது, என் கையைப் பிடித்து நிறுத்தினாள். “ஊறவைக்கணும் டீச்சர். அப்பறம் ஈரச்சாக்குல மூட்டம் கட்டணும்.” ஒரு பகல் ஓர் இரவு தண்ணீரில், வடித்து, ஈரச்சாக்கில் சுற்றி, மறுபடி ஒரு பகல் ஓர் இரவு. குளிர் காலத்தில் இன்னொரு நாளும் ஆகும் என்று அவளே சொன்னாள். சாக்கைப் பிரித்தபோது உள்ளே கதகதவென்று சூடு. நெல்லின் முனையில் எறும்பு முட்டை போல வெள்ளை முளை. ஐந்தாம் வகுப்பு அண்ணன்மார் அவளைச் சுற்றிக் குந்தியிருந்தார்கள். அன்றிலிருந்து தினமும் காலையில் ஸ்கேல் வைத்து அளந்து, மூன்றாம் வகுப்பு எண்ணை எழுத, நான்காம் வகுப்பு அதைக் கட்டம் போட்டு வரைய, குடில் வைக்கும் நாளுக்குள் எல்லோருக்கும் கணக்குப் பாடம் முடிந்திருந்தது.

காலை வணக்கத்தில் தமிழ்த்தாய் வாழ்த்து, குறள், பிறகு சிறிய செபம். ஞானோபதேசம் கத்தோலிக்கப் பிள்ளைகளுக்கு மட்டும். அந்த நேரத்தில் மற்றவர்கள் நன்னெறிக் கதை கேட்பார்கள். உதவி பெறும் பள்ளியில் சம்மதமில்லாமல் யாரையும் சமயப் பாடத்தில் உட்கார வைக்கக் கூடாது என்று அரசியலமைப்பின் 28ஆம் பிரிவு சொல்கிறது. அந்தப் பிரிவு வருவதற்கு வெகு முன்பே, சீர்காழியில் முன்சீப்பாக இருந்த வேதநாயகம் பிள்ளை, தாம் கத்தோலிக்கராக இருந்தும் எல்லாச் சமயத்தாரும் பாட சர்வ சமய சமரசக் கீர்த்தனை இயற்றினார். பெண்கள் படிக்க வேண்டுமென்று பெண்மதி மாலை எழுதினார். ஞானசம்பந்தர் குழந்தையாக ஞானப்பால் உண்டதாகச் சொல்லும் அதே சீர்காழியில், சித்திரையில் திருமுலைப்பால் விழாவுக்குப் போய்வந்த பிள்ளைகள் மறுநாள் அந்தக் கதையை எங்களுக்குச் சொல்வார்கள். அன்று அவர்கள்தான் டீச்சர்.

2022 நவம்பர் 11இல் சீர்காழியில் ஒரே நாளில் 44 செ.மீ. மழை கொட்டியது. பள்ளி திறந்தபோது பாதிப் பிள்ளைகளின் புத்தகம் நனைந்து பாளமாக ஒட்டிக் கிடந்தது. வேறு புத்தகம் கிடைக்கும்வரை நான்கு பேருக்கு ஒன்று. படிக்கத் தெரிந்தவர் நடுவில், மற்றவர் சுற்றி. இரண்டாம் வகுப்புப் பிள்ளைகள் பலர் அந்த வாரங்களில்தான் சரளமாகப் படிக்கத் தொடங்கினார்கள்.

கிராமத்து உதவி பெறும் பள்ளிகளுக்குக் காலை உணவுத் திட்டம் 2024 ஜூலை 15இல் வந்தது. திருவள்ளூர் மாவட்டம் கீழச்சேரியில் புனித அன்னாள் பள்ளியில் முதலமைச்சர் தொடங்கிவைத்தார். அதற்கு முன்பு பத்து மணிக்கே தலை சாய்க்கும் பிள்ளைகள் எங்களிடம் உண்டு. இப்போது வகுப்புவாரியாக இல்லாமல், யார் யாருக்குச் சொல்லித் தருகிறார்களோ அவர்கள் அருகருகே உட்கார்ந்து சாப்பிடுகிறார்கள். சின்னவன் உப்புமாவை ஒதுக்கினால் அண்ணனுக்குத் தெரியும்; எனக்கு முன்பே தெரியும்.

மணலில் எழுதிக் காட்டிய அந்த மாடு மேய்க்கும் பையன், தம்பிகளுக்குச் சொல்லித் தந்த வருடமே ஏப்ரலில் ஐந்தை முடித்து வேறு பள்ளிக்குப் போனான். போகும்போது செய்தித்தாளில் பெரிய எழுத்துத் தலைப்பு ஒன்றை, விரல் வைத்து, நிறுத்தி நிறுத்தி, முழுதாகப் படித்துக் காட்டினான். நாலைந்து வருடம் கழித்து ஒருநாள் கரும்பலகையில் நான் எழுதிக்கொண்டிருந்தேன். பின்னால் திண்ணையில் ஒரு நான்காம் வகுப்புக் குரல், “உக்காந்திருந்தா எ. கால் நீட்டினா ஏ” என்றது. திரும்பிப் பார்த்தேன். அவனிடம் படித்த தம்பியும் அல்ல. அந்தத் தம்பியிடம் படித்தவள். முதலில் சொன்னது யார் என்று அவளுக்குத் தெரியாது. கேட்டேன், “எல்லாரும் அப்படித்தான் டீச்சர் சொல்லுவாங்க” என்றாள். அவள் விரலுக்குள் ஒரு சின்ன விரல் மணலில் மெதுவாகக் கால் நீட்டிக்கொண்டிருந்தது.